அப்பாவின் பிரஷர் மாத்திரையோடு மூட்டுவலி மாத்திரை சேர்த்துக் கொடுக்கலாமா?

மழைக்காகம் எழுதியது:

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பிரஷருக்கு லோசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை, இதயத்துக்காகத் தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின், ராத்திரி கொழுப்புக்கு ஒன்று. பல வருஷமாக ஓடுகிறது, தொந்தரவு இல்லை. இப்போது முழங்கால் வலி பிடித்துக்கொண்டது. அவருடைய நண்பர் தன்னிடம் மிச்சமிருந்த டைக்ளோஃபெனாக் அட்டையைக் கொடுத்து, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று சாப்பிட்டதும் போடுங்கள், பறந்துபோகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கூடவே சளி வேறு. அதற்கும் ஏதோ ஜலதோஷ மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். இரண்டையும் நான் பிடுங்கி வைத்திருப்பதால் வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, ஆனால் இன்னும் சில நாள் இருக்கிறது. அதுவரை கொடுத்தால் என்ன ஆகும்? "ஊரே போடுகிற மாத்திரைதானே" என்று கேட்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சும்மா ஒருவன் எழுதியது:

கொடுங்கள் தம்பி. நானும் பிரஷர் மாத்திரை போடுகிற ஆள்தான். வலி வந்தால் வலி மாத்திரை, சளி வந்தால் சளி மாத்திரை, இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தால் தண்ணீர் குடிப்பதுகூட ஆபத்து என்றுதான் வரும். பெரியவரை வலியில் வைத்துவிட்டு நாம் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

வெள்ளைக்கோட்டு எழுதியது:

மருந்தாளுநர் வேலை பார்க்கிறேன். சும்மா ஒருவன் சாருக்கு ஆகவில்லை என்பதை நம்புகிறேன், ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கிட்னியில் இரத்தத்தை வடிகட்டும் ஒவ்வொரு சல்லடைக்கும் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. உள்ளே வருவது விரிந்தும் வெளியே போவது சுருங்கியும் இருந்தால்தான் நடுவில் அழுத்தம் நின்று வடிகட்டல் நடக்கும். லோசார்ட்டான் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு நீரை இறக்கி இரத்தத்தின் அளவையே குறைக்கிறது. இந்த இரண்டையும் கிட்னி சமாளித்துக்கொள்ளும், அதனால்தான் டாக்டர்கள் தைரியமாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எப்படிச் சமாளிக்கிறது என்றால், உள்ளே வரும் குழாயை விரித்துப் பிடித்துக்கொண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் அந்தக் கடைசிப் பிடியையும் விடுவித்துவிடும். மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று படுத்துவிடலாம். மருத்துவ உலகில் இதற்கு ட்ரிப்பிள் வாமி, அதாவது மூன்று பக்க அடி, என்று பெயரே உண்டு. வயதானவர், காய்ச்சல், சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, ரெண்டு தடவை வயிற்றால் போனது, இப்படி ஏதாவது கூடச் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இது கிட்னிக் கதை மட்டும். ஆஸ்பிரினோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையலாம், கசிவு ஆபத்து போகாது, ஏனென்றால் வயிற்றுச் சுவரைக் காக்கும் பொருளையே இரத்தத்தின் வழியாகப் போய்க் குறைக்கிற மருந்து அது. இதயம் பக்கம் வந்தால், ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே மாரடைப்பு வந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்பாவுக்கு ஆஸ்பிரின் எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த இரண்டு அட்டையையும் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், உள்ளே இருப்பது வேண்டும்.

மழைக்காகம் எழுதியது:

நன்றி சார். மாரடைப்பு வந்ததில்லை, ஆனால் அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

அட்டையைப் படிப்பதே பெரிய பாடாக இருக்கிறது. நண்பர் கொடுத்தது கத்தரியால் வெட்டிய துண்டு, ஆறு மாத்திரை இருக்கிறது, காலாவதித் தேதி இருந்த பக்கம் அவரிடமே போய்விட்டது போல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் டைக்ளோஃபெனாக் 50 மி.கி., அதற்குக் கீழே பாராசிட்டமால் 325 மி.கி. என்று இருக்கிறது! இது வெறும் டைக்ளோஃபெனாக் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஜலதோஷ மாத்திரையில் பாராசிட்டமால் 500, ஃபினைல்எஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமைன் 2. காய்ச்சல் அடித்தால் போடுவதற்கு 650 மி.கி. பாராசிட்டமால் தனியாக அலமாரியில் எப்போதும் இருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

நர்ஸ். கூட்டிப் பார்த்தீர்களா? வலி மாத்திரை இரண்டில் 650. ஜலதோஷ மாத்திரையை நாலு வேளை போட்டால் 2000. காய்ச்சல் என்று 650 மாத்திரை மூன்று வேளை, அது 1950. மொத்தம் 4600 மி.கி. பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4000, அதுவும் ஈரல் நன்றாக இருக்கிற, குடிக்காத, உடல் எடை சரியாக இருக்கிற ஆளுக்கு. மெலிந்த வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள். இந்தக் கணக்கில் அவர் பேராசைப்பட்டு எதையும் அதிகமாகப் போடவில்லை பாருங்கள், மூன்று அட்டையிலும் எழுதியபடியேதான் போட்டிருப்பார்.

பாராசிட்டமாலிடம் எனக்குப் பயமே அதன் அமைதிதான். அளவு மீறினால் முதல் நாள் லேசான குமட்டல் இருக்கும், சில பேருக்கு அதுவும் இருக்காது. ஈரல் அடிபட்டது தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன், ஆனால் அளவு மீறிப் போட்ட 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று உட்கார்ந்திருக்கிற ஆளை அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

குளோர்ஃபெனிரமைன் தூக்கத்தைக் கொண்டுவரும். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகையில் தள்ளாடி விழுவார்கள், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஃபினைல்எஃப்ரின் பிரஷரை ஏற்றக்கூடியது. அது போகட்டும், வாயால் சாப்பிடும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்கு உதவவே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 2023-ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இன்னும் எத்தனை அட்டைகளில் இருக்கிறது பாருங்கள்.

சும்மா ஒருவன் எழுதியது:

// மூன்று அட்டையிலும் எழுதியபடியேதான் போட்டிருப்பார் //

இதை ஒத்துக்கொள்கிறேன், யோசிக்காத விஷயம். ஆனால் டைக்ளோஃபெனாக் ஆகாது என்றால் ஐபுப்ரோஃபென் கொடுக்கலாமே? அது லேசானது என்று சொல்வார்களே. நல்ல மருந்தை எல்லாம் விஷம் மாதிரி பேசினால் எப்படி?

வெள்ளைக்கோட்டு எழுதியது:

இவருக்கு அதுவும் வேண்டாம். கிட்னி, வயிறு இரண்டிலும் அதே குடும்பம், அதே குணம். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களில் ஒரு இடத்தில் போய் ஒட்டி அவை கட்டியாகாமல் தடுக்கிறது. ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பிரினுக்கு இடம் கிடைக்காது, அது சீக்கிரமே உடலைவிட்டு வெளியேறியும் விடும். தினமும் ஆஸ்பிரின் போட்டும் போடாத கணக்கு. சாதாரண ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்து, அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்னால்தான் ஐபுப்ரோஃபென் எடுக்க வேண்டும் என்று எஃப்டிஏ 2006-ல் அறிவித்தது இதனால்தான். ஸ்டென்ட் வைத்தவரிடம் இந்தக் கடிகார விளையாட்டே கூடாது.

கணக்குப்புலி எழுதியது:

ஊரே போடுகிற மாத்திரை என்பதற்கு என் பதில். ஒரு மருந்தைப் பல லட்சம் பேர் தனியாகப் போட்டிருக்கலாம், ஆனால் உங்கள் அப்பா போடுகிற இந்தக் கூட்டை எத்தனை பேர் போட்டார்கள்? 5 மருந்து இருந்தால் 10 ஜோடி, 10 மருந்து இருந்தால் 45 ஜோடி. மூன்று மூன்றாகச் சேர்வதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. பெரும்பாலான ஜோடிகள் சாதுவானவை, அதனால்தான் சும்மா ஒருவன் அண்ணன் நலமாக இருக்கிறார். எது சாது இல்லை என்று வெளியிலிருந்து தெரியாது என்பதுதான் சிக்கல்.

டெர்ஃபெனடின் என்று ஒரு அலர்ஜி மாத்திரை இருந்தது. அமெரிக்காவில் 1985-ல் வந்தது, தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று சக்கைப்போடு போட்டது. ஈரலும் குடல் சுவரும் அதைக் கிட்டத்தட்ட முழுவதும் வேறு பொருளாக மாற்றிவிட்டுத்தான் இரத்தத்தில் விடும், அந்த மாறிய பொருள்தான் வேலை செய்யும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோ கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்தோ கூடப் போட்டால் மாற்றுகிற என்சைம் முடங்கிவிடும். மாறாத டெர்ஃபெனடின் அப்படியே இதயத்துக்குப் போய்த் துடிப்பின் தாளத்தையே குலைத்துவிடும், ஆட்கள் இறந்தார்கள். 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது. அந்த மாறிய பொருள் ஃபெக்ஸோஃபெனடின் என்ற பெயரில் இன்றைக்கும் விற்கிறது. எல்லோரும் போட்ட மாத்திரைதான் அதுவும்.

பச்சிலை எழுதியது:

இதற்குத்தான் ரசாயனமே வேண்டாம் என்கிறேன். மூலிகைக்கு இந்தப் பிரச்சினை எல்லாம் கிடையாது.

புதுக்கிட்னி எழுதியது:

பச்சிலை, கோபித்துக்கொள்ளாதீர்கள், மாற்று கிட்னி வைத்தவள் என்ற முறையில் இதற்கு மட்டும் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்குச் சொன்ன முதல் எச்சரிக்கைகளில் ஒன்று மூலிகை பற்றியது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செடி ஒன்று உண்டு, கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அது ஈரலின் என்சைமை முடுக்கிவிடும். உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கிற சைக்ளோஸ்போரின் வேகமாகக் கரைந்து இரத்தத்தில் அளவு இறங்கி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கிட்னி, இதயம் எல்லாம் நிராகரிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கருத்தடை மாத்திரையையும் அதே மாதிரி வீணாக்கும்.

பழம்கூட விதிவிலக்கு இல்லை. கிரேப்ஃப்ரூட் சாறு நேர் எதிராக வேலை செய்கிறது, குடல் சுவரில் உள்ள என்சைமை அடக்கிவிடும், மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். 1989-ல் வெளியான ஆய்வு அது. ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்தோடு ஆல்கஹால் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனவர்கள், ஆல்கஹாலின் சுவை தெரியாமல் இருக்க இந்தச் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். மருந்தின் அளவு எகிறியது, காரணம் சாறு! எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பம்பளிமாசும் அதே சாதிதான், எங்களுக்கு இரண்டுமே தடை. மழைக்காகம், அப்பாவின் கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டினா அட்டோர்வாஸ்டாட்டினா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் அந்தச் சாறு ஆகாது, முதலாவதுக்குச் சுத்தமாக ஆகாது.

பச்சிலை எழுதியது:

அந்தச் செடியை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் நியாயமாகப் பேச வேண்டும் என்றால் அதிமதுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைய நாள் தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். நீர் இறக்கும் மாத்திரை போடுகிறவர்கள் பலருக்குப் பொட்டாசியம் ஏற்கனவே இறங்கியிருக்கலாம். முறையாகப் படித்த வைத்தியர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் கொடுக்க மாட்டார்.

தேன்சிட்டு எழுதியது:

ஒரு சந்தேகம். டாக்டரிடம் கேள், டாக்டரிடம் கேள் என்கிறீர்கள், டாக்டர்களே தப்பாகச் சேர்த்துக் கொடுத்ததில்லையா? 1984-ல் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண், ஃபினெல்சின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் பெத்திடின் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டு, மறுநாள் காலை இறந்துபோனாள். அந்த இரண்டும் சேரவே கூடாதாம். போட்டது டாக்டர்கள்தானே.

இன்னொன்று, இரவுப்பணி அக்காவிடம். எங்கள் வீட்டில் ஒருவர் தூக்க மாத்திரை போடுகிறார், இருமலுக்கு வாங்கிய சிரப்பில் கோடீன் என்று போட்டிருக்கிறது. இரண்டும் தூக்கத்துக்குத்தானே, ஆகுமா?

இரவுப்பணி எழுதியது:

தேன்சிட்டு, சிரப்பை எடுத்து ஓரமாக வையுங்கள், டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ இன்றைக்கே பேசுங்கள். தூக்க மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள், ரொம்ப நாள் போட்டவர்களுக்கு அதனால் வலிப்புகூட வரும். கோடீன், டிரமடால் மாதிரி ஓபியாய்டு (அபின் குடும்ப மருந்து) வகை ஒரு பக்கம், தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை இன்னொரு பக்கம், இரண்டும் மூச்சு விடச்சொல்லும் மூளைப் பகுதியை மந்தமாக்குபவை. இந்த இரண்டையும் சேர்ப்பதற்கு எதிராக எஃப்டிஏ 2016-ல் தன்னிடம் இருப்பதிலேயே கடுமையான, கட்டத்துக்குள் அச்சிடும் எச்சரிக்கையைப் போடச் சொன்னது. மேலே மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், தட்டி எழுப்பினால் எழ மாட்டார்.

மூடி மறைக்கிற விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி என்று வருகிற ஆண்களிடம், நாக்குக்கு அடியில் நைட்ரேட் என்ற இரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரையை வைக்கும் முன்னால், சில்டெனாஃபில், தடாலாஃபில் மாதிரி ஆண்மைக் குறைவு மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்போம். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் "இல்லை" என்பார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மறுபடி கேட்பது.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

தேன்சிட்டு சொன்ன வழக்கு நிஜம். அதற்கப்புறம்தான் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 80 மணி என்று நியூயார்க் மாநிலம் 1989-ல் கட்டுப்படுத்தியது. டாக்டருக்கும் தவறும், மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் நடப்பது என்ன என்றால், இதய டாக்டர் ஒரு சீட்டு, எலும்பு டாக்டர் ஒரு சீட்டு, நடுவில் நண்பர் கொடுத்த அட்டை, கடையில் கேட்டு வாங்கியது, முழுப் பட்டியல் யாரிடமும் இல்லை. கேட்டால்கூட "பிரஷருக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்பார்கள். வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது ஐயா.

சேர்ப்பதே பாவம் என்றும் இல்லை. பார்க்கின்சனுக்கு லெவோடோபாவைக் கார்பிடோபா இல்லாமல் கொடுப்பது அபூர்வம், காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்தைச் சேர்த்தேதான் கொடுக்கிறார்கள். அந்தக் காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின்தான் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் முதல் கருத்தடை மாத்திரை வரை பலவற்றின் பலத்தையும் குறைக்கிறது. யோசித்துச் சேர்ப்பது வேறு, தானாகச் சேர்ந்துபோவது வேறு.

இணையத்தில் மருந்துப் பெயர்களைப் போட்டுப் பார்க்கும் பக்கங்களை நம்பலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். பாருங்கள், ஆனால் அவை எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்கு போடும், கடைசியில் எதைப் பார்த்தும் பயம் வராது. அதைப் பார்த்துவிட்டு டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கரை, அதாவது இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் மருந்தை, திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பி வரும், மாரடைப்புகூட வரலாம்.

மழைக்காகம் எழுதியது:

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு அட்டையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். அவரே பேசினார். டைக்ளோஃபெனாக் மாத்திரை கூடவே கூடாது, ஜலதோஷ மாத்திரையும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும், அதுவும் ஒரே அட்டையிலிருந்து, அவர் சொன்ன அளவு. முழங்காலுக்கு மேலே தடவும் ஜெல் பற்றி நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார், பட்டியல் வேண்டாம், அட்டைகளே வேண்டுமாம்.

அலமாரியைக் காலி பண்ணினோம். ரமிப்ரில் என்று ஒரு அட்டை, பாதி காலி. பழைய டாக்டர் கொடுத்ததாம். "தலை கனமா இருந்தா எப்பவாவது ஒண்ணு போடுவேன்" என்கிறார். இது எனக்குத் தெரியவே தெரியாது. சும்மா ஒருவன் அண்ணா, நீங்களும் ஒருநாள் உங்கள் அலமாரியைக் கொட்டிப் பாருங்கள்.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

ரமிப்ரிலை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், அதுவரை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதுவும் பிரஷர் மாத்திரைதான், லோசார்ட்டானும் அதுவும் பிரஷரை ஏற்றும் ஒரே பாதையை இரண்டு இடத்தில் அடைப்பவை. இரண்டு பூட்டு போட்டால் நல்லது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 25,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆன்டார்கெட் என்ற ஆய்வு 2008-ல் வந்தது, அதில் ரமிப்ரிலோடு லோசார்ட்டானின் அண்ணன் தம்பியான டெல்மிசார்ட்டானைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை, கிட்னித் தொந்தரவும் பிரஷர் இறங்கி மயங்குவதும்தான் கூடின. பொட்டாசியமும் ஏறும். இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

சும்மா ஒருவன் எழுதியது:

கொட்டிப் பார்த்தேன். பாராசிட்டமால் மட்டும் நாலு பெயரில் இருக்கிறது. ஒன்று காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆகிறது. வேறு எதுவும் கேட்காதீர்கள்.

மழைக்காகம் எழுதியது:

:) கடைசியாக ஒன்று. ஃப்ரிட்ஜில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று இருக்கிறது, கண் அழுத்தத்துக்காகப் புதிதாக ஆரம்பித்தது. அதையும் பையில் போட வேண்டுமா? கண்ணில் விடுவதுதானே.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

போடுங்கள். கண்ணில் விட்டது மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலக்கும், ஈரலைத் தொடாமலே. டிமோலால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கும், வீசிங் இருக்கிறவர்களுக்கு மூச்சை இறுக்கும்.

மழைக்காகம் எழுதியது:

டிமோலால்தான். அப்பாவுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா உண்டு, இப்போதும் குளிர் காலத்தில் இழுக்கும். கண் டாக்டர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லையாம்.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

அப்படியானால் பை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கண் டாக்டருக்கு இப்போதே போன் போடுங்கள், ஆஸ்துமா என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள், அடுத்த சொட்டை விடலாமா என்று கேளுங்கள். மாற்றுச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. அவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், கண் அழுத்தம் திரும்ப ஏறும். இதற்குள் இழுப்போ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் யாருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு.